இனிஷியலை விரித்தால் அப்பா பெயரில் கூப்பிடுகிறார்கள்: எந்தப் பெட்டியில் எந்தப் பெயர்?

நெல்லைச்சீமை (இழையைத் தொடங்கியவர்)

உதாரணத்துக்கு ஒரு பையன். பெயர் கார்த்திக், அப்பா முருகன். பிறப்புச் சான்றிதழில் வெறும் கார்த்திக். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கார்த்திக் எம். ஆதாரில் எம் கார்த்திக். தெருவில் எல்லாருக்கும் அவன் குட்டி. கார்த்திக் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது முதல் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். இனிஷியல் போடக்கூடாதாம், விரித்து எழுதணுமாம். விரித்தால் வெளிநாட்டில் பையனை "மிஸ்டர் முருகன்" என்று கூப்பிடுகிறார்கள். சர்நேம் பெட்டியைக் காலியாக விட்டால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" வகைப் பதில் வேண்டாம்.

ஆன்லைன் சென்டர், தென்காசி

காலியாக விடலாம், தளம் ஏற்றுக்கொள்ளும். கிவன் நேம் மட்டும்தான் கட்டாயம். ஆனாலும் விடாதீங்க.

பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கிற பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 இடம். முதல் வரியில் பெயருக்கு 39 இடம். முதலில் சர்நேம், பிறகு இரண்டு அம்புக்குறி, அப்புறம் கிவன் நேம். விமான நிலைய இயந்திரம் படிப்பது இந்த வரியைத்தான். வெளிநாட்டு கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரண்டு பகுதியும் இருக்கும் என்று நினைத்துக் கட்டியவை. ஒன்று இல்லையென்றால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். தலைவலி ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

கார்த்திக்குக்கு மூன்று வழி இருக்கு. கிவன் நேம் கார்த்திக், சர்நேம் முருகன் என்று போடலாம். அல்லது கிவன் நேமில் கார்த்திக் முருகன் என்று இரண்டையும் போட்டு சர்நேமைக் காலியாக விடலாம். அல்லது தலைகீழாக, கிவன் நேம் முருகன், சர்நேம் கார்த்திக். பத்துக்கு எட்டு பேருக்கு நான் சொல்வது முதல் வழி. ஆபீஸில், காலேஜில், பக்கத்து வீட்டில் எல்லாம் கிவன் நேமைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது பையனின் சொந்தப் பெயராக இருக்கணும். "மிஸ்டர் முருகன்" வருவது பேங்க், ஆஸ்பத்திரி, கடிதம், குடிவரவு கவுண்டர் இந்த நாலு இடத்தில்தான்.

பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் ஏ கவுண்டரில் உங்கள் விவரத்தைத் திரையில் காட்டுவார்கள். அங்கேயே எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். ஏ-யில் ஒரு நிமிஷத்தில் முடிகிற திருத்தம், புத்தகம் அச்சாகி வந்தபிறகு மறுவெளியீடு ஆகிவிடும். 36 பக்கப் புத்தகத்துக்கு மறுபடி ₹1500, தட்கல் என்றால் மேலே ₹2000.

சதுரங்கப்பித்தன்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் பழைய முறை "எம். கார்த்திக்". அப்பா முன்னால், ஆள் பின்னால். வெள்ளைக்காரன் கடைசிச் சொல்லை எடுத்தால் நம் பெயர்தான் கிடைக்கும். வானியல் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர் என்ற பெயரைப் பாருங்கள். சுப்ரமணியன் அவருடைய அப்பா. உலகம் அவரைச் சந்திரசேகர் என்றது, கூட வேலை செய்தவர்கள் சந்திரா என்றார்கள். 1999-ல் நாசா அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அந்தச் சுருக்கப் பெயரையே வைத்தார்கள். அஸ்வினும் அப்படித்தான்: ரவிச்சந்திரன் அப்பா, அஸ்வின் ஆள். வாஷிங்டன் சுந்தருக்குத் தலைகீழ். சுந்தர் அப்பா பெயர், கடைசிச் சொல்லை மட்டும் எடுத்தால் அப்பாதான் மிஞ்சுவார்.

ஆகவே மூன்றாவது வழிதான் சரி என்பேன். அப்பா பெயர் கிவன் நேமில், சொந்தப் பெயர் சர்நேமில்.

ஆன்லைன் சென்டர், தென்காசி

அண்ணே, நீங்களே சதுரங்கப்பித்தன், உங்கள் ஆளையே விட்டுட்டீங்களே. விஸ்வநாதன் ஆனந்த். ஆனந்த் அவர் பெயர், விஸ்வநாதன் அப்பா. நீங்கள் சொல்கிற வரிசைதான். உலகம் செல்லமாக என்ன கூப்பிடுகிறது? "விஷி". அது அப்பா பெயரின் சுருக்கம்! முன்னால் நிற்கிற பெயரைத்தான் நண்பர்கள் சுருக்குவார்கள். மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களுக்காக வரிசை வைத்தால், உரிமையாகக் கூப்பிடுகிறவர்கள் அப்பா பெயரைச் சொல்வார்கள். தினமும் காதில் விழுவது எது என்று பார்த்து முடிவெடுங்கள்.

சதுரங்கப்பித்தன்

ஒப்புக்கொள்கிறேன், விஷி நல்ல அடி. ஆனால் மூன்றாவது வழி ஒன்றும் இல்லாமல் போகவில்லை: இனிஷியலை விரிக்காமல் விட்டாலே போதும் என்கிற இடங்களில் அதுதான் நடக்கிறது. ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) பட்டியலில் குகேஷ், பிரக்ஞானந்தா இருவரும் இன்றும் இனிஷியலோடுதான் இருக்கிறார்கள். யாரும் அவர்களை அப்பா பெயரில் கூப்பிடுவதில்லை. (குகேஷின் "டி" அப்பா பெயரும் இல்லை, தொம்மராஜு என்கிற குடும்பப் பெயர். தெலுங்கு வழக்கம் வேறு, அதைப் பார்த்து நாம் நிரப்பக்கூடாது.)

டல்லஸ் மாமி

காலிப் பெட்டி அமெரிக்காவில் என்ன செய்யும் என்று சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லையென்றால் விசா விண்ணப்பத்தில் கிவன் நேம் முழுவதும் சர்நேம் பெட்டிக்குப் போய்விடும். கிவன் நேம் பெட்டியில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். விசா அப்படி அச்சாகும். ஐ-94 என்கிற அமெரிக்க நுழைவுப் பதிவும் அப்படியே. அதைப் பார்த்து ஓட்டுநர் உரிமம், பேங்க், காப்பீடு என்று வரிசையாக ஏறும். கிளினிக்கில் நர்ஸ் கதவைத் திறந்து "ஃப்னூ!" என்று கூப்பிடுவாள். வரவேற்பறையில் நாலு ஃப்னூ உட்கார்ந்திருந்தால் நாலு பேரும் எழுந்திருக்க வேண்டியதுதான்.

ஐ-94-ஐ இணையத்தில் தேடும்போதும் எஃப்என்யூ என்று முதல் பெயர்ப் பெட்டியில் போட்டால்தான் கிடைக்கும். வெறும் பெயரைப் போட்டுவிட்டு "பதிவே இல்லை" என்று பதறுகிறவர்கள் நிறைய.

இதைச் சரிசெய்ய அமெரிக்காவில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் இந்தியத் தூதரகம் வழியாக பாஸ்போர்ட்டில் சர்நேம் பிரித்து மறுவெளியீடு, பிறகு புதிய விசா முத்திரை, பிறகு ஐ-94, கடைசியில் உரிமமும் பேங்கும். வரிசை மாறினால் ஒவ்வொரு கவுண்டரிலும் "உங்கள் மற்ற ஆவணத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று திருப்பி அனுப்புவார்கள்.

துபாய் ரிட்டர்ன்

வளைகுடாவுக்கும் ஒரு வரி. பாஸ்போர்ட்டில் மொத்தமே ஒற்றைச் சொல் இருந்தால், அதாவது "கார்த்திக்" மட்டும், 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் சுற்றுலா, விசிட் விசாவில் ஏற்றுவதில்லை. பின்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் அதை ஏற்பதாகப் பிறகு விளக்கம் சொன்னார்கள். ஆனாலும் செக்-இன் கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு அந்த விளக்கத்தைப் புரியவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

டிக்கெட் போடும்போது: சர்நேம் இல்லாதவர்களுக்குச் சில கம்பெனி அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், சில எஃப்என்யூ கேட்கும், சில எல்என்யூ (கடைசிப் பெயர் தெரியவில்லை) கேட்கும். ஒரே பயணத்தில் இரண்டு கம்பெனி விமானம் என்றால் முதலில் டிக்கெட் தருகிற கம்பெனியின் விதிதான். போர்டிங் பாஸில் "கார்த்திக்எம்ஆர்" என்று ஒட்டி வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மிஸ்டரின் சுருக்கம் பெயரோடு ஒட்டி அச்சாகிறது, அது பிழை இல்லை.

நெல்லைச்சீமை

சரி, முதல் வழியே இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் கார்த்திக், முருகன். பான், ஆதார்?

வரிக்கணக்கு

மூன்றும் மூன்று விதியில் ஓடுகின்றன, அதுதான் சிக்கல். ஆதார் இனிஷியலை ஏற்கும். பாஸ்போர்ட் ஏற்காது. பானில் முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியல் கூடாது. கடைசிப் பெயர் கட்டாயம், ஒற்றைப் பெயர்க்காரர்கள் அந்த ஒரே பெயரைக் கடைசிப் பெயர்ப் பெட்டியில்தான் போட வேண்டும். அதாவது பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கட்டாயம், பானில் கடைசிப் பெயர் கட்டாயம். ஒற்றைப் பெயர் வைத்திருப்பவர் இரண்டிலும் ஒரே மாதிரி நிரப்பவே முடியாது.

பானில் அப்பா பெயர் தனியாகவும் அச்சாகும். அதனால் அட்டையில் முருகன் இரண்டு முறை வரும். வரட்டும். திருமணமான பெண்களுக்கும் அப்பா பெயர்தான், கணவர் பெயர் அந்த இடத்தில் வராது. அம்மா மட்டும் வளர்த்த பிள்ளைகளுக்கு 2018 டிசம்பரிலிருந்து அப்பா பெயர் கட்டாயம் இல்லை.

ஆதாரில் "எம் கார்த்திக்", பானில் "கார்த்திக் முருகன்" என்றிருந்தால் இரண்டையும் இணைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். ஆதாரை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ஆயுளுக்கு இரண்டே முறைதான் ஆதாரில் பெயர் மாற்றலாம். மூன்றாவது என்றால் மண்டல அலுவலகத்தில் காரணம் காட்டி விதிவிலக்கு கேட்க வேண்டும். அதனால் முதலில் பாஸ்போர்ட் கைக்கு வரட்டும். அதை ஆதாரமாகக் காட்டி ஆதாரில் "கார்த்திக் முருகன்" என்று ஒரே திருத்தம். அதைக் காட்டி பான். பிறகு பேங்க், கடைசியில் பிஎஃப். பிஎஃப் பெயர் ஆதாரோடு பொருந்த வேண்டும், பணம் எடுக்கப் போகும்போதுதான் எல்லாருக்கும் இது தெரியவரும். 2017 அக்டோபர் 1 முதல் ஆதார் வைத்துத் திறந்த யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) என்றால் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் நீங்களே திருத்த முடியும். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி வழியாகக் கூட்டு உறுதிமொழி.

ஆதாரில் பெயர் போடும்போது தமிழ் வரியையும் பாருங்கள். ஆங்கிலத்தை இயந்திரம் ஒலிபெயர்க்கும். தன்போக்கில் விட்டால் "முருகன்" "முறுகன்" ஆகிவிடும்.

நெல்லைச்சீமை

பெரியப்பா ஒருவர், குட்டி என்றே கெஜட்டில் மாற்றிவிடலாமே என்கிறார். எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்று.

ஆன்லைன் சென்டர், தென்காசி

பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்க. கெஜட்டில் செலவும் அலைச்சலும் பெரிதல்ல. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புகள் பகுதி ஆறு, பிரிவு நான்கில் வரும். எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பம், பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ. வந்தபிறகுதான் வேலை ஆரம்பம். கெஜட் வந்தாலும் மார்க் ஷீட்டில் பெயர் மாறாது. சான்றிதழோடு கெஜட்டையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தே நீட்ட வேண்டும். அச்சாகி வந்த அன்றே எழுத்துப்பிழை பாருங்கள். கெஜட்டில் ஓர் எழுத்து பிசகினால் அந்தப் பிசகுதான் உங்கள் புதுப் பெயர்.

குழந்தை இன்னும் பள்ளிக்கே போகவில்லை என்றால் பிறப்புச் சான்றைக் கவனியுங்கள். பிறப்பு பதிவாகி ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. சேர்த்த பெயரை மாற்ற முடியாது, எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்துவார்கள். சோதிடர் எழுத்து சொல்லவில்லை என்பதற்காக அவசரத்துக்கு ஏதோ ஒரு செல்லப்பெயரைப் பதிந்துவிட்டு, பள்ளியில் வேறு பெயர் கொடுக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று ஒன்றுதான் ஆதாரம். அதில் உள்ள பெயரோடுதான் இனி எல்லாமே ஒத்துப்போகணும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால்: பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன் பள்ளியில் எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் பதிவு) விவரத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க. அதுதான் கடைசிச் சுலபமான வாய்ப்பு.

பத்திர எழுத்தர், திண்டிவனம்

பட்டப்பெயருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு. கிராமத்தில் பாதிப் பட்டா பட்டப்பெயரில்தான் ஏறியிருக்கிறது. யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் ஊரார் என்ன சொன்னார்களோ அதை எழுதினார்கள். பட்டாவில் "சின்னக்கண்ணு", மூலப்பத்திரத்தில் "கருப்பன்", இறப்புச் சான்றில் "கருப்பண்ணன்". மூன்றும் ஒரே ஆள்.

இதற்கு மருந்து "என்கிற". விற்பனையோ செட்டில்மென்ட்டோ எழுதும்போது "கருப்பன் என்கிற சின்னக்கண்ணு" என்று எல்லாப் பெயரையும் முதல் பத்தியிலேயே போட வேண்டும். எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்று பத்திர எண், வருடம், பட்டா எண்ணோடு ஒரு பத்தி. கையெழுத்து ஒரே மாதிரி. ஆள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் ஒரு பத்தியில் முடிந்தது. இறந்தபிறகு என்றால் வாரிசுச் சான்றிதழுக்கு முன் இறப்புச் சான்றைப் பாருங்கள். பதிவாளரிடம் அதில் திருத்தம் கேட்டு, அது சரியானபிறகே வாரிசுச் சான்றுக்குப் போங்கள். பட்டப்பெயரில் இறப்புச் சான்று வாங்கிவிட்டால் பேங்க், எல்ஐசி, பட்டா மூன்றும் மூன்று திசையில் இழுக்கும்.

வில்லங்கம் பார்க்கும்போது பெயரை வைத்துத் தேடாதீர்கள். சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள். பத்திரத்தில் எழுத்துப்பிழை என்றால் எழுதிக்கொடுத்தவரே வந்து பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அவர் இல்லாதபோது "ஒரே நபர்தான்" என்று நோட்டரியிடம் வாங்கும் உறுதிமொழி பேங்க்குக்குப் போதும், பட்டா மாறுதலுக்குத் தாசில்தார் விசாரணை கேட்பார்.

வார்டு சிஸ்டர்

ஆஸ்பத்திரியில் இது வேறு மாதிரி. பெயர் மாறினால் மருந்து மாறும். நாங்கள் "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்கக்கூடாது. மயக்கத்தில் இருப்பவரும், காது கேட்காதவரும், பயந்தவரும் "ஆமா" என்று தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். கூடவே இரண்டாவது அடையாளம்: பிறந்த தேதி அல்லது கையில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ள எண். குறைந்தது இரண்டு அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. படுக்கை எண் அடையாளம் ஆகாது. காலையில் ஜன்னலோரம் கேட்டு ஆள் இடம் மாறியிருப்பார்.

வீட்டுக்காரர்களுக்கு: சேர்க்கும்போது பதற்றத்தில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லாதீர்கள். ஆதாரில் உள்ளதைச் சொல்லுங்கள். ரத்த வங்கிக்குப் போகும் மாதிரிக் குழாயிலும் சீட்டிலும் பெயர் ஓர் எழுத்து வித்தியாசப்பட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பத்தான் வேண்டும். மறுபடி ஊசி குத்தி மறுபடி எடுக்க வேண்டும். காப்பீட்டு அட்டையில் "செல்வலட்சுமி", கேஸ் ஷீட்டில் "செல்வி" என்றால் பணமில்லாச் சிகிச்சை நிற்கும். டிஸ்சார்ஜ் சம்மரி அச்சாவதற்கு முன் திருத்தினால் சுலபம்.

பிறந்த குழந்தைக்கு எங்களிடம் அம்மா பெயர்தான். "பேபி ஆஃப் லட்சுமி". இரட்டை என்றால் ஒன்று, இரண்டு. ஒரே வார்டில் இரண்டு லட்சுமி பிரசவித்தால் அம்மாவின் எண் இல்லாமல் அந்தப் பட்டைக்கு மதிப்பில்லை. பட்டையில் எண் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

ஆய்வுமாணவி

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு மட்டும் சதுரங்கப்பித்தன் கட்சி. மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் பிப்டெக் மென்பொருள் கடைசிச் சொல்லைச் சர்நேம் என்று எடுத்துக்கொள்ளும். கார்த்திக் முருகன் என்று வெளியிட்டால் மேற்கோளில் "முருகன், கே". அப்பாவுக்கு மேற்கோள் எண்ணிக்கை ஏறும். "எம். கார்த்திக்" என்று வெளியிட்டால் "கார்த்திக், எம்." எந்த வடிவம் என்றாலும் முதல் கட்டுரையிலேயே முடிவுசெய்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கான 16 இலக்க ஆர்கிட் அடையாள எண் எடுத்து, வெளியிடும் பெயர் ஒன்று, மற்ற வடிவங்கள் எல்லாம் "வேறு பெயர்கள்" பகுதியில். பாஸ்போர்ட்டோடு கட்டுரைப் பெயர் பொருந்த வேண்டும் என்று எந்த இதழும் கேட்பதில்லை.

சிஸ்அட்மின்

ஆபீஸ் பக்கம். "எங்க எச்ஆர் மாற்ற முடியாதுன்னுட்டாங்க" என்று நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். எச்ஆர் மாற்ற முடியாதது சட்டப்பெயரை. நீங்கள் கேட்க வேண்டியது டிஸ்ப்ளே நேம். கம்பெனி டைரக்டரியில் கிவன் நேம், சர்நேம், டிஸ்ப்ளே நேம் மூன்றும் தனித்தனிப் புலம். சம்பளப் பட்டியல் முதல் இரண்டைப் பார்க்கும், டீம்ஸும் அவுட்லுக்கும் காட்டுவது மூன்றாவதை. வொர்க்டே என்கிற எச்ஆர் மென்பொருள் இருந்தால் விருப்பப் பெயர் என்று தனிப் பெட்டியே உண்டு. ஐடி பிரிவுக்குக் கோரிக்கை டிக்கெட் போடும்போது "என் பெயரை மாற்றவும்" என்று எழுதினால் கெஜட் கேட்பார்கள். "டிஸ்ப்ளே நேமை மட்டும் கார்த்திக் என மாற்றவும், மற்றவை அப்படியே" என்று எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரியில் அப்பா பெயர் இருந்தால் பழையதை அழிக்கச் சொல்லாமல் புதியதைக் கூடுதல் முகவரியாகச் சேர்த்து, அனுப்பும் முகவரியாக்கச் சொல்லுங்கள். பழைய முகவரிக்கு வருவதும் வந்து சேரும்.

உச்சரிப்புக்கு லிங்க்ட்இன் மொபைல் செயலியில் 10 நொடி பதிவு வைக்கலாம். கயல்விழி, எழில், தமிழ்ச்செல்வன் எல்லாரும் வைப்பது நல்லது. ழ-வுக்கு நாம் போடும் இசட்-எச் சேர்க்கையை வெளியூர்க்காரர்கள் "ஸ்" என்றுதான் படிப்பார்கள்.

கிள்ளான் வாசு

மலேசியாவில் எங்களுக்குச் சர்நேம் பிரச்சினை வேறு மாதிரி. பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல், பெண்களுக்கு ஏ/பி. மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம். விமான டிக்கெட் தளங்களில் சாய்கோடு ஏறாது. பாஸ்போர்ட் அடிவரியிலும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அம்புக்குறி தவிர வேறெதற்கும் இடமில்லை. அதனால் டிக்கெட்டில் சாய்கோட்டை எடுத்துவிட்டுப் போடுகிறார்கள். அது "அல் முருகன்" என்று படிக்கப்பட்டு, அரபுப் பெயரா என்று கேட்கிறவர்களும் உண்டு. வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயரை மட்டும் போடுங்கள், ஏ/எல் வேண்டாம். சிங்கப்பூர் எஸ்/ஓ-வுக்கும் இதேதான்.

யாழ்ப்பாணத்தான்

எங்கட படிவங்களில் "முதலெழுத்துக்களுடன் பெயர்" ஒரு வரி, "முதலெழுத்துக்களால் குறிக்கப்படும் பெயர்கள்" அடுத்த வரி. இரண்டையும் கேட்டுவிடுவதால் உள்ளூரில் குழப்பம் குறைவு. கடல் தாண்டினால் நீங்கள் சொல்வதுதான் எங்களுக்கும்.

நெல்லைச்சீமை

ஒரே ஒரு கேள்வி மிச்சம். கார்த்திக்குக்குப் பிறகு கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்தால் அதன் சர்நேம் கார்த்திக் ஆகும், அவனுடையது முருகன். குடும்பத்தோடு போகும்போது தடுப்பார்களா?

டல்லஸ் மாமி

கேட்பார்கள், தடுக்கமாட்டார்கள். குழந்தையின் பிறப்புச் சான்று ஆங்கிலப் பிரதி ஒன்று கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். ஒரு பெற்றோர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு. குழந்தைக்கும் முருகன் என்றே சர்நேம் போட்டு இனிக் குடும்பப் பெயராக்கிவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். செய்யலாம். அப்படியென்றால் பிறப்புச் சான்றிலேயே "முருகன்" சேர்ந்த முழுப்பெயர் ஏறியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் மட்டும் சேர்க்கக் கேட்டால் ஏ கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.